கவர்னரும் கங்காணியும்

பரீட்சை இன்னும் நடக்கவேயில்லை. அதற்குள் நஃபீசா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்து முடித்திருந்தாள். மண்டபத்து ஐஸ் பேக்டரியில் ஒன்பது வருஷமாக என்ஜினுக்கு எண்ணெய் விடும் ஆயில்மேனான அவள் புருஷன் சதக், அவள் கணக்கில் நேற்றே என்ஜினை ஓட்டும் டிரைவராகிவிட்டான். டிரைவர்கள் மட்டும் போடும், கீழே இரண்டு பை வைத்த காக்கிச் சட்டையும் தைத்தாயிற்று.

"தோத்துட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன் புள்ள?"

"தோக்காம வாங்க மச்சான். தச்ச பையைப் பிரிக்க எனக்கு நேரமில்ல."

பேக்டரிக்குப் பெரிய என்ஜின் வருகிறது. மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அது சதக் கையில். இல்லாவிட்டால் வெளியூர் ஆள் வருவான்.

முதல் நான்கு கேள்விகளுக்கும் பதில் மழையாகப் பொழிந்தது. ஐந்தாவதில்தான் விதி சிரித்தது.

"கவர்னர் இல்லாட்டி என்ன ஆகும்?"

சதக் திகைத்தான். என்ஜினுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் தெரிந்ததைச் சொன்னான்.

"டெல்லியிலேருந்து வேற ஒருத்தர அனுப்புவாங்க சார்."

இன்ஜினியர் பேனாவை மூடினார். ஐயோ, ஒன்பது வருஷக் கனவு அந்த மூடிக்குள் அடைபட்டதே! மூலையில் நின்ற முதலாளி சீனி முகம்மது மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏலே, என்ஜின்ல ரெண்டு இரும்புக் குண்டு சுத்துமே, அதக் கேக்குறாருடா."

"அட, நம்ம கங்காணியா?"

இலங்கைத் தோட்டத்தில், கூலியாட்களைக் கட்டி மேய்க்கும் கங்காணியின் கீழ் வேலை பார்த்துத் திரும்பிய பழைய டிரைவர் வைத்த பெயர் அது. பேக்டரியில் வேறு பெயர் யாருக்கும் தெரியாது.

"வேகம் எகிறுனா ரெண்டு குண்டும் கைய விரிக்கும் சார், எண்ணெயக் குறைக்கும். தளந்தா கைய மடக்கும், எண்ணெயத் தெறந்து விடும். கங்காணி இல்லேன்னா என்ஜின் வெறி புடிச்சு ஓடிச் செதறிப் போகும். நாம இங்கன நிக்க மாட்டோம், ராமேஸ்வரத்துல போயி விழுவோம்."

மூடிய பேனா திறந்தது. "டிரைவர்" என்று எழுதியது.

சதக் கால் தரையில் படாமல் வீட்டுக்கு ஓடினான்.

"என்ன மச்சான் கேட்டாக?"

"கவர்னரு..." என்று மூச்சு வாங்கினான். அவ்வளவுதான், நஃபீசா வாசல் தாண்டி அடுத்த வீட்டுக்கே போய்விட்டாள்.

"அடி சல்மா, எங்க மச்சானக் கவர்னரே கேள்வி கேட்டுருக்காராம்டி."

திருத்தலாமா என்று சதக் ஒரு கணம் யோசித்தான். பிறகு அந்தக் காக்கிச் சட்டையை மாட்டி, இரண்டு பைகளிலும் கைகளை விட்டுக்கொண்டு, வாசலில் போய் நின்றான்.