கூரைமேல் இருந்த மடம்

எருசலேமில் ஒரு பெரிய தேவாலயத்தின் கூரைமேல் பழைய மடம் ஒன்று இருக்கிறது. அது தங்களுடையது என்று எகிப்தியக் கிறிஸ்தவர்களும் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிறார்கள். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அந்த வழக்கு துபாய் கராமாவில் எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டது.

அப்பா தன் பெயரில் எடுத்திருந்த ஃபிளாட்டில் ஓர் அறையை எகிப்தியத் தம்பதிக்கும், இன்னொன்றை ஆஸ்பத்திரியில் வேலைபார்த்த எத்தியோப்பிய ஆன்ட்டிக்கும் உள்வாடகைக்கு விட்டிருந்தார். தவக்காலத்தில் ஆன்ட்டிகள் இருவரும் கறியும் பாலும் விலக்கி, ஒரே சட்டியில் பருப்பு வேகவைப்பார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ஆண்கள் இருவரும் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். எகிப்திய ஆன்ட்டியின் போனில் ஒரு வீடியோ வந்தது. மடத்து வாசலில் எகிப்தியத் துறவிகளைப் போலீஸ் இழுத்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்த எத்தியோப்பிய ஆன்ட்டி, எங்கள் இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டார், மெதுவாகத்தான். அடுப்பை அணைத்துவிட்டு எகிப்திய ஆன்ட்டி திரும்பினார். பூட்டை மாற்றித் திருடிக்கொண்டவர்கள் நீங்கள் என்றார். வெயிலிலும் மழையிலும் அந்தக் கூரையில் கிடந்து காத்தவர்கள் யார் என்று எத்தியோப்பிய ஆன்ட்டி கத்தினார்.

அம்மா சண்டையை விலக்கவில்லை. ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினாள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

காலிங்பெல் அடித்தது. உள்வாடகை விஷயம் வெளியே தெரிந்தால் மூன்று வீட்டாரும் தெருவில்தான். எகிப்திய ஆன்ட்டி மற்றவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டார்.

வாசலில் வாட்ச்மேன். சத்தம் என்று கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கிறதாம். உள்ளே எத்தனை ஃபேமிலி என்று இந்தியில் கேட்டார். நாங்கள் மட்டும்தான் பாய் என்றாள் அம்மா. அவர் கண்கள் செருப்பு வரிசைமேல் நின்றன. பிறகு என்னிடம் குனிந்து, என்ன சத்தம் என்று கேட்டார். என் தோளில் இருந்த அம்மாவின் விரல்கள் அழுந்தின.

“டிவி, அங்கிள்” என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குளியலறைக்குள்ளிருந்து குசுகுசுவென்று பேச்சு கேட்டது.

“சேர்ந்துட்டாங்கம்மா. மெதுவா பேசிக்கிறாங்க.”

“ஆமா மக்ளே” என்றாள் அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

ஈஸ்டருக்கு முன்பே எத்தியோப்பிய ஆன்ட்டி பெட்டியோடு லிஃப்டில் இறங்கிப் போனார். எகிப்திய ஆன்ட்டி அறையைவிட்டு வெளியே வரவில்லை. சமாதானம் ஆன பிறகும் ஒருவர் ஏன் வீட்டைவிட்டுப் போகிறார் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். சத்தம் குறைந்தால் சண்டை தீர்ந்தது என்றுதான் அன்று எனக்குத் தெரியும்.