விரியாத கை

வாத்தியார் அருளப்பன் சேர் இறந்துபோய்விட்டார் என்ற செய்தி வந்தபோது உக்குவளைச் சந்தியில் வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். சொன்னவன், "சாந்தமான மனுசன், யாரோடயும் கோவிக்க மாட்டாரு" என்று வேறு சேர்த்தான். ஜாக்கியை அப்படியே விட்டுவிட்டு அவனோடு சண்டைக்குப் போனேன். அவரிடம் உயிரியல் படித்த நீங்களும் இதையேதான் சொல்லித் திரிகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முடக்குவாதத்துக்கு மருந்தெடுக்க மாதாமாதம் அவரைக் கண்டி கிளினிக்குக்குக் கொண்டுபோனது என் வேன். மாத்தளை மாவட்டத்தில் அதைவிட நல்ல வேன் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. முன் சீட்டில் அவர் சொன்னதைக் கேட்டே நான் பாதி டாக்டர்.

"எண்ணெய் போட்டுப் பிடிச்சா சரியாகும்னு யட்டவத்த வைத்தியர் சொல்றாரே சேர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது எண்ணெய்க்கு அடங்குற வாதம் இல்ல சின்னையா. கலத்துக்கு மேல ஒரு மூலக்கூறு இருக்கு. உள்ள கிடக்கிறதுல ஒரு துண்ட எடுத்து வெளிய நீட்டிக் காட்டும். ரத்தத்துல இருக்கிற வெண்குழியம் வந்து பாக்கும். அந்நியன்னா அடிக்கும். அதுதான் நிர்ப்பீடனம், உடம்போட காவல்."

"நம்ம ஐடென்டிட்டி கார்ட் மாதிரி?"

"அதேதான். என் உடம்புல அந்த மூலக்கூறோட அமைப்பு கொஞ்சம் வேற. சொந்தத் துண்ட நீட்டினாலும் காவக்காரன் அந்நியன்னு நினைச்சு மூட்டுக்குள்ள பூந்து அடிக்கிறான். அப்பிடித்தான் சொல்றாங்க, முழுசா யாருக்கும் தெரியல."

"சொந்த ஊருலயேவா சேர்?"

"சொந்த ஊருலதான்."

முடக்குவாதக்காரருக்குக் காலையில் விரல்கள் பூட்டிக்கொள்ளும். வெயில் ஏறித்தான் இளகும். யுத்த காலத்தில் ஒருநாள் காலை, கண்டி போகும் வழியில் செக்பொயின்டில் நின்ற ஆமிக்காரனுக்கு அது தெரியாது. சேர் இடது கையால் கார்டை நீட்டினார். வலது கை மூடியே இருந்தது.

"அத திகஹெரபங்!" கையை விரிக்கச் சொல்கிறான்.

வருத்தக்காரர், கிளினிக்குக்குப் போகிற நோயாளி என்று சிங்களத்தில் சொன்னேன். எங்கள் ஊர் அலுவிகாரையில் என்னைப் போல் சிங்களம் பேச ஆளில்லை. அன்றைக்கு அதுவும் எடுபடவில்லை. ஐம்பது துப்பாக்கிகள் எங்களைப் பார்த்தன. ஐம்பதுக்குக் குறையவே குறையாது. கைக்குள் ஏதோ ஒளித்திருக்கிறார் என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே வியர்வைதான் இருந்தது. அதற்குப் பிறகும் மத்தியானம் வரை வெயிலில் நிறுத்திவைத்தான். கிளினிக் மூடிவிட்டது. மருந்து இல்லாமல் திரும்பினோம்.

"உடம்புக்குள்ள நிக்கிற காவக்காரனும் வெளிய நிக்கிறவனும் ஒரே பள்ளிக்கூடம்டா சின்னையா" என்றார். வீடு வரும்வரை இடது முழங்கையால் வேன் கதவை இடித்துக்கொண்டே வந்தார். கதவில் இன்னும் நெளிவு இருக்கிறது. அதன்பின் வலது கையில் இரண்டு விரல்கள் பலகையில் எழுதச் சோக் பிடிக்கவே இல்லை. இவரா சாந்தமானவர்?

"கோபத்த உள்ள பூட்டி வைக்காத. அது சொந்த மூட்டத் தின்னும். வெளிய வை" என்பார்.

பெட்டியில் கிடத்தியபோது, செபமாலையைச் சுற்றுவதற்காக இரண்டு பெண்கள் அவர் வலது கையைப் பிடித்து விரிக்கப் பார்த்தார்கள்.

"விடுங்க!" என்று கத்தினேன். "அந்தக் கைய இனி எவரும் விரிக்கக் கூடாது!"

பெண்கள் கையை விட்டுவிட்டார்கள். செபம் சொல்ல வந்த சாமியார்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். செபமாலையை வாங்கி, மூடிய கைமேல் நானே சாத்தினேன்.

வேன் கதவைத் தட்டி நிமிர்த்தித் தரட்டுமா என்று கராஜ்காரன் கேட்டான். தொடாதே என்றேன். அந்த நெளிவு எனக்கு வேண்டும். அவர் கோபம் வெளியிலேயே இருக்கட்டும்.