பாங்கு முடியுமுன் முகம் காட்டணும்

அமீரகத்தின் அல் ஐனில் அப்போது சின்ன வழக்குகளில் மாட்டியவனை லாக்கப்பிலிருந்து வெளியே எடுக்க ஒரு பாஸ்போர்ட் வேண்டும். விசா உள்ள ஒருவர் தன் பாஸ்போர்ட்டை ஜாமீனாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வழக்கு முடியும்வரை அது அங்கேயே கிடக்கும். அதுவரை அவர் ஊருக்குப் போக முடியாது. மாட்டியவன் ஓடிவிட்டால் வைத்தவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருடைய பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சொந்தக் கையில் வைத்திருந்தவர்களோ அதை அடுத்தவர் தொடக்கூட விடமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் இன்றுவரை கைப்பையைத் தடவிப் பார்க்காமல் வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை.

இன்பமணி அண்ணன் கொடுத்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை.

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஐம்பது வயதுக்கு மேல். ஒரு சின்ன கட்டடக் கம்பெனியின் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு லேபர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ஃபெடரல் கோர்ட் என்று அலைவதுதான் அவர் டியூட்டி. அலைந்த அலைச்சலில் அரபி நன்றாக வந்துவிட்டது. அவருடைய கஃபீல், கம்பெனி முதலாளியான வயதான அரபி, "உன் பாஸ்போர்ட்டை நான் வச்சு என்ன செய்ய" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதனால்தான் அவரால் அடுத்தவனுக்காக அதை வைக்க முடிந்தது.

எங்களுக்கு அவர் பழக்கமானதும் அப்படித்தான். 2002இல் என் கணவர் சரவணகுமார் ஓட்டிய கார் ஒரு சைக்கிள்காரர் மேல் உரசிவிட்டது. சைக்கிள்காரருக்குக் கை முறிவு, என் கணவருக்கு லாக்கப். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றேன். வேறு வேலையாக வந்த இன்பமணி அண்ணன் என்னைப் பார்த்தார், விசாரித்தார், உள்ளே போனார். வெளியே வந்தபோது பின்னால் என் கணவர் வந்தார்.

"இனி வழக்கு முடியுற வரைக்கும் தெனமும் மஃரிப் பாங்கு முடியுமுன்ன நம்ம சித்தீக் கடைக்கு வந்து முகம் காட்டணும், கேட்டீரா" என்றார்.

"நான் எங்கண்ணே ஓடப் போறேன். இன்ஜினியர், குடும்பத்தோட இருக்கேன்" என்றார் என் கணவர்.

"இன்ஜினியருக்கும் கால் ரெண்டுதானே."

முகம்மது சித்தீக்கின் கஃபத்தீரியா எங்கள் குடியிருப்பின் கீழேயே இருந்தது. வாசலில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் மேசை. அதுதான் அண்ணனின் ஆபீஸ். சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு கிளம்பும்போது சனையா என்னும் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தொழிலாளர் கேம்புகளிலிருந்து, வழக்கில் மாட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். எல்லோருக்கும் அவர் பாஸ்போர்ட் வைத்ததில்லை. ஒரு பாஸ்போர்ட்டை ஒருவனுக்குத்தானே வைக்க முடியும்? மற்றவர்களுக்கு யார் யாரிடமோ பேசி வாங்கி வைத்திருப்பார். ஆனால் கண்காணிப்பு முழுக்க அவருடையது. கேம்புக்கு ஒரு ஆளை நியமித்திருந்தார். வராதவனுக்கு போன் போகும். எடுக்காவிட்டால் அந்த ஆள் அறைக்கே போய்ப் பார்ப்பான்.

"ஃபெடரல் கோர்ட்டோட பிராஞ்ச் ஆபீஸ் எங் கடையில ஓடுது. எனக்கு வாடகை வரல" என்பார் சித்தீக்.

"உமக்கு சுலைமானி டீ விக்குதுல்லா, பின்ன என்ன?"

வாய்தாவுக்கு முந்தின நாள் பயிற்சி நடக்கும். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஜட்ஜாகிவிடுவார். நம் ஆட்கள் பெரியவர் முன்னால் மரியாதை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். "கையைக் கட்டாதடே. அவங்களுக்கு அது திமிரு. ரெண்டு பக்கமும் தொங்கப் போடு" என்பார். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டுவார்கள். "நீ ஆட்டுறது ஆமாவா இல்லையான்னு எனக்கே தெரியல. ஜட்ஜுக்கு எப்பிடித் தெரியும்? வாயால சொல்லு." கிழிந்த சட்டை போட்டிருப்பவனுக்குத் தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுப்பார். அந்தச் சட்டை எத்தனையோ உடம்புகளில் ஏறிக் கோர்ட்டுக்குப் போய் வந்திருக்கிறது. என் கணவருக்கு அது இறுக்கமாக இருந்தது.

அண்ணனின் மனைவி அமலோற்பவத்துக்கு இதெல்லாம் பிடிக்காது. ஊரில் இருந்தார், இரண்டு சிறுநீரகமும் கெட்டு வாரத்துக்கு இரண்டு தடவை நாகர்கோவிலுக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் அஜிஷாதான் கூட்டிக்கொண்டு போவாள். வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அண்ணன் மேசையில் வைத்துத்தான் போன் பேசுவார். ஸ்பீக்கரில் போட்டால்தான் அவருக்குக் கேட்கும். அதனால் அமலோற்பவத்தின் குரல் எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

"ஊரான் பிள்ளையளுக்கெல்லாம் பாஸ்போர்ட்ட தூக்கிக் குடுக்கிய. எவனாவது ஓடிட்டான்னா நான் என்ன செய்வேன்?"

"இதுவரைக்கும் ஒருத்தன் ஓடியிருக்கானா, பிள்ளே?"

"ஓடுறவன் சொல்லிட்டா ஓடுவான்?"

"ஓட மாட்டான். எங்கிட்ட முகம் காட்டுனவன் ஓட மாட்டான்."

அதற்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வரும். நம்பாத சிரிப்பு. அண்ணனும் சிரிப்பார். வாராவாரம் இதே பேச்சுதான், ஜெபம் சொல்வது மாதிரி.

சேதுபதி வந்தது 2004இல். முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரு சைட்டில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டோரிலிருந்த செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போக, சாவி இவனிடம் இருந்ததால் கேஸ் இவன் மேல் விழுந்தது. ஃபோர்மேன் சொல்லித்தான் வேறு சைட்டுக்கு ஏற்றிவிட்டேன் என்றான். ஃபோர்மேனோ லீவில் தன் நாட்டுக்குப் போயிருந்தார். அவர் வந்து சாட்சி சொல்லும்வரை வழக்கு தள்ளித் தள்ளிப் போனது. இவனுக்கு அண்ணன் தன் பாஸ்போர்ட்டையே வைத்தார்.

சேதுபதி அதிகம் பேசமாட்டான். பாங்கு தொடங்குமுன்பே வந்து எதிரில் நின்று, "சேதுபதி, வந்துட்டேண்ணே" என்பான்.

"பேரச் சொல்லாட்டா எனக்குத் தெரியாதாடே?"

"வாயால சொல்லணும்னு நீங்கதானண்ணே சொன்னீங்க."

அந்த வருஷக் கடைசியில் ஒரு புதன்கிழமை. அரசு அலுவலகங்களுக்கு அப்போது வியாழனும் வெள்ளியும் விடுமுறை. புதன் மத்தியானம் கதவைச் சாத்தினால் சனிக்கிழமைதான் திறப்பார்கள். காலையில் அண்ணன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததால் அவருக்கு நான் டீச்சர்.

"டீச்சரே, அஜிஷா போன் பண்ணுனா. அமலத்துக்கு ரொம்ப மோசம். நாளக் கடத்தாம வரச் சொல்லி டாக்டர் சொன்னாராம்."

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அவர் பாஸ்போர்ட் சேதுபதிக்காக அரசு வழக்குத்துறையில் கிடக்கிறது. அதை எடுக்க இரண்டே வழி. வேறொருவர் பாஸ்போர்ட்டை அங்கே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சேதுபதியைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். எங்கள் மூவருடைய பாஸ்போர்ட்டும் விசா புதுப்பிக்கப் போயிருந்தன. என் கணவர் அதைச் சொன்னார்.

"அப்போ சேதுபதிய ஒரு ரெண்டு மூணு நாள் உள்ள..." என்று நான் இழுத்தேன்.

"அது வேண்டாம் டீச்சரே. ஃபோர்மேன் வந்துட்டாரு. அடுத்த வாய்தால முடிஞ்சிரும். வெளிய நிக்கிறவன உள்ள தள்ளிட்டு நான் போயி அவ முகத்துல எப்பிடி முழிக்க?"

என் கணவர் அபுதாபிக்கு போன் போட்டு மரியராஜைப் பிடித்தார். மரியராஜ் ஏ.சி. டெக்னீஷியன், முன்பு ஒரு சமயம் அண்ணனால் வெளியே வந்தவர். விஷயம் சொன்னதும், "பாஸ்போர்ட் எங்கிட்டதான் இருக்கு. இப்பமே கிளம்புறேன்" என்றார். ஆள் மாற்றுவதற்கு ஒரே நிபந்தனை, சேதுபதியும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

சேதுபதி கேம்பில் இல்லை. போன் அணைந்திருந்தது.

மரியராஜ் வந்து சேர்ந்தார். வழக்குத்துறை வாசலில் அண்ணனும் அவரும் வெயிலில் நின்றார்கள். என் கணவர் காரை எடுத்துக்கொண்டு சனையா முழுக்கத் தேடினார். கேம்பில் சேதுபதியைக் கவனிக்கும் வீரபாண்டியும் தன் பங்குக்கு அலைந்தான். போன் போட்டுப் போட்டு எல்லோருக்கும் விரல் வலித்தது. கண்ணெதிரே அலுவலகக் கதவைச் சாத்தினார்கள். அண்ணனுக்குத் தெரிந்த ஒரு கிளார்க், "கலாஸ், முடிந்தது இன்பமணி. சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனாராம்.

நான் கீழே போனபோது அண்ணன் மேசையில் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் மரியராஜின் பாஸ்போர்ட் அப்படியே கிடந்தது.

சித்தீக் தயங்கித் தயங்கிச் சொன்னார். "காலையில டீ குடிக்க வந்தான். நான்தான் வாய வச்சுக்கிட்டு இருக்காம, அண்ணன் பொஞ்சாதி சாகக் கெடக்கு, பாஸ்போர்ட்டு ஒன்னால முடங்கிக் கெடக்குன்னு சொல்லிட்டேன். பாதி டீயில எந்திருச்சுப் போனவன்தான். தன்ன உள்ள தள்ளிருவாங்கன்னு பயந்துட்டான் போல."

"ஓடிட்டான்னு சொல்லுதீரா?" என்றார் அண்ணன்.

சித்தீக் துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். மரியராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் போன் அடித்தது. அஜிஷா. "அப்பா, அம்மா பேசணும்னு சொல்லுது. எப்போ வாறியன்னு கேக்குது." பிறகு அந்தக் குரல். மெலிந்து காற்றாக வந்தது. "கிளம்பியாச்சா?"

அண்ணன் ஒரு சின்னப் பிள்ளை அம்மாவிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அவன் ஓடிட்டான், அமலம்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. "நான் அண்ணைக்கே சொன்னம்லா" என்று அமலோற்பவம் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னது வேறு. "போவட்டும். நீங்க வெசனப்படாதீங்க."

பாங்கு கிளம்பும் நேரத்தில் வீரபாண்டி ஓடிவந்தான். மூச்சு வாங்க நின்று சொன்னான்.

சேதுபதி ஓடவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தன்னை முதலில் பிடித்து வைத்திருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு நேராகப் போயிருக்கிறான். பாஸ்போர்ட் அங்கேதான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான். வழக்குத்துறை என்று தனியாக ஓர் இடம் இருப்பது அவனுக்கு விளங்கவே இல்லை. தெரிந்த இந்தியில், என்னை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் அண்ணனின் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவர்களுக்குப் புரிந்தது முதல் பாதி மட்டும். போனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பாடு கொண்டுபோன ஒரு பையன் பார்த்துவிட்டு வந்து சொன்னதால்தான் வீரபாண்டிக்கே தெரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா" என்றார் அண்ணன். இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னால் அவர் விடமாட்டார் என்று சேதுபதிக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பிறகு போனைக் கையில் எடுத்தார். அஜிஷா எடுத்தாள். "அம்மாட்ட குடு மக்களே."

"அம்மா இப்போ பேச மாட்டேங்குது அப்பா. கண்ணத் தொறக்கல. ஐ.சி.யூவுக்குள்ள கொண்டுபோயாச்சு. யாரையும் விட மாட்டாங்களாம்."

"காதுல சொல்லு மக்களே. அவன் ஓடலன்னு சொல்லு. எப்பிடியாவது உள்ள போயி அம்மா காதுல சொல்லு."

"யாரு ஓடல அப்பா?"

அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். நான் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அமலோற்பவம் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். நர்ஸ் இரக்கப்பட்டு உள்ளே விட்டதாகவும், காதில் சொன்னதாகவும் அஜிஷா சொன்னாள். கேட்டதா என்று அவளுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை கதவு திறந்ததும் மரியராஜின் பாஸ்போர்ட்டை வைத்து, சேதுபதியை வெளியே எடுத்து, அண்ணனின் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டார்கள். எல்லாம் ஒரு கையெழுத்தில் முடிந்தது. சேதுபதி அண்ணனின் காலில் விழப் போனான். அவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "சாப்பிட்டியாடே" என்று மட்டும் கேட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போனார். அவர் வரும்வரை உடலை வைத்திருந்து மறுநாள் அடக்கம் செய்தார்கள்.

அவர் ஊரில் இருக்கும்போதே வாய்தா வந்தது. ஃபோர்மேன் வந்து, செம்புக் கம்பியைத் தான்தான் வேறு சைட்டுக்கு மாற்றச் சொன்னதாகச் சாட்சி சொன்னார். சேதுபதி அன்று அண்ணனின் வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான். விடுதலை. ஆனால் கம்பெனி அவன் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்ப முடிவுசெய்தது.

அண்ணன் திரும்பி வந்த அன்று சாயங்காலம், இனி யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லாத சேதுபதி, பாங்குக்கு முன்பே வந்து மேசைக்கு எதிரில் நின்றான். துவைத்து மடித்த சட்டையை மேசை மேல் வைத்தான்.

"சேதுபதி, வந்துட்டேண்ணே."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஓடிட்டேன்னு நான் நெனச்சிட்டேண்டே. நெனச்சது மட்டுமில்ல. அவகிட்ட சொல்லவும் செஞ்சேன்."

"சொல்லாமப் போனது எந் தப்புண்ணே. யாரு வேணும்னாலும் அப்பிடித்தான் நெனப்பாங்க."

"நான் யாரோ ஒருத்தன் இல்லியேடே."

சித்தீக் கொண்டுவந்து வைத்த சுலைமானி ஆறிப்போனது. பிறகு அண்ணன் சட்டையை அவன் பக்கம் தள்ளினார்.

"இத நீயே வச்சுக்க. ஊருக்குப் போனதும் ஒரு நட எங்க ஊருக்குப் போவியா? கோயிலுக்குப் பின்னாடிதான் கல்லறத் தோட்டம். அஜிஷா வழி காட்டுவா."

"போயி என்னண்ணே சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லண்டாம். முகம் காட்டு, போரும்."

பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மேசையில் இருந்தபோது அஜிஷாவின் போன் வந்தது. வழக்கம்போல் ஸ்பீக்கர்.

"அப்பா, ஒரு ஆளு வந்தாங்க. வெள்ளச் சட்ட போட்டுட்டு. அம்மா கல்லறைக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாங்க. பூ ஒண்ணும் வைக்கல, கும்பிடவும் இல்ல. கை ரெண்டையும் தொங்கப் போட்டுட்டு நேரா நின்னாங்க. அவங்க பேரச் சத்தமாச் சொல்லி, வந்துட்டேன்னு சொன்னாங்க. அப்பொறம் போய்ட்டாங்க. யாரு அப்பா அது?"

அண்ணன் எழுந்து நின்றார். சித்தீக் எட்டிப் போனை எடுத்து, "அவன்தாம்மா ஓடாதவன்" என்றார்.