அலமாரியில் மருந்து இருந்தது

மருந்து இருந்தது. இல்லை என்று சொன்னேன். ஒரு குழந்தை செத்துப்போனது.

இவ்வளவுதான் விஷயம். இதை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின... முதலில் ‘இறைவனடி சேர்ந்தது’ என்று எழுதி, அடித்துவிட்டேன். உங்களிடம் எதற்கு மெருகு?

நான் டாக்டர். அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. ஊர்ப்பெயர் வேண்டாம், அந்த ஊர் ஒரு பாவமும் செய்யவில்லை. குடியிருந்தது விருத்தாசலத்தில், பீங்கான் சூளைகளுக்குப் போகும் சாலையில் ஒரு வாடகை வீடு. வெயில் காலத்தில் வெள்ளை மண் தூசி சன்னல் கம்பியெல்லாம் படிந்திருக்கும்.

என் சம்பளத்தைப் பற்றிச் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்பீர்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். என்னை டாக்டராக்க அப்பா நிலத்தை அடமானம் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் காத்திருந்தார்கள். சம்பளம் வட்டிக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடும். சர்க்காருக்கும் அது தெரியும். அதனால்தான் மாலையில் வீட்டில் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்துக்கொள் என்று அனுமதியும் கொடுத்திருந்தது.

யோசித்துப் பாருங்கள்! காலையில் நான் இலவசமாக ஒழுங்காக வைத்தியம் பார்த்தால், மாலையில் காசு கொடுத்து யார் வருவார்கள்? காலையில் எவ்வளவு குறை வைக்கிறேனோ, மாலையில் அவ்வளவு கூட்டம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வேலையில் சேர்ந்த சில மாதங்களில் எனக்கே பிடிபட்டுவிட்டது.

சுகாதார நிலையத்துக்கு வரும் பென்சிலின் எப்போதும் போதாது. வந்ததில் சில குப்பிகளை அலமாரியின் பின்வரிசையில் ஒதுக்கி வைப்பேன். அவை என் வீட்டுக்குப் போகும்.

கொளஞ்சியம்மாள் அப்படி ஒரு காலையில்தான் வந்தாள். பீங்கான் கம்பெனியில் மண் சுமக்கிறவள். தலைமயிரில் வெள்ளைத் தூசி. அந்த வயதுக்குப் பொருந்தாத நரை போல. இடுப்பில் ஆண் குழந்தை. நடக்கப் பழகும் வயது. மூச்சு விடும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நெஞ்சில் குழலை வைத்தேன். நிமோனியா. சந்தேகமே இல்லை.

“இங்க ஊசி மருந்து தீர்ந்துபோச்சும்மா. சாயங்காலம் வூட்டுக்குத் தூக்கிட்டு வா, போட்டு வுடறேன்” என்றேன்.

“காசு எவ்வளவுங்க ஆவும்?”

சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்கும் அலமாரிக்கும் இடையே கை எட்டும் தூரம்!

மாலையில் வந்தாள். என் வீட்டு முன்னறையில் ஒரு நீளமான பெஞ்சு. அதன் கடைசியில், சுவரோரமாக உட்கார்ந்தாள். கதவுத் திரைச்சீலையின் இடுக்கில் நான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே வந்து, ஊசி போட்டுக்கொண்டு போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையில் முடிச்சு இல்லை. காசு புரளவில்லை என்று புரிந்துவிட்டது.

கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை? ஒருத்திக்குச் சும்மா போட்டால் நாளைக்கு ஊரே சும்மா கேட்கும் என்று நினைத்தேன்... இல்லை, அவளே கேட்கட்டும் என்று நினைத்தேன். இரண்டில் எது உண்மை? அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் போட்டிருப்பேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையும் நான் இப்போது நம்புவதில்லை.

விளக்கு ஏற்றும் நேரத்துக்கு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சுகாதார நிலையத்து ஆயா பெருக்கிக்கொண்டே சொன்னாள். “கொளஞ்சி புள்ள பூடுச்சாம் சார். விடியறதுக்குள்ளயே எடுத்துட்டாங்களாம்.”

நான் கையைக் கழுவிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அது தொடங்கியது சில வாரங்கள் கழித்து. மாலையில் நல்ல கூட்டம். சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் பெஞ்சில் சுவரோரம் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகவே கிடந்தது.

“அங்க உட்காருங்களேன்” என்றேன், நின்றிருந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம்.

“ஆள் இருக்குதே சார்” என்றார் அவர், சாதாரணமாக.

வெளியே போயிருக்கும் யாருக்காகவோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்! பெண்ணாடத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி முதல்முறையாக வந்தார். என்னையோ இந்த ஊரையோ தெரியாதவர். முறை வந்ததும் அவர் உள்ளே நுழையாமல் வாசற்படியிலேயே தயங்கினார்.

“எனக்கு அவசரம் இல்லீங்க ஐயா. கைப்புள்ளயோட அந்தம்மா ரொம்ப நேரமா குந்திக்கிட்டு இருக்குது. அத மொதல்ல பாத்து வுட்டுடுங்க.”

நான் வெளியே வந்து பார்த்தேன். பெஞ்சு... சுவர்... வேறு ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை!

அவரைப் படுக்க வைத்து மார்பில் குழலை வைத்தேன். உழைத்து உரமேறிய விசாலமான மார்பு. அதற்குள்ளிருந்து வேகவேகமான சின்ன மூச்சு ஒன்று கேட்டது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு முனகல். குழலை எடுத்தேன். அவர் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். திரும்ப வைத்தேன். குழந்தையின் மூச்சுதான்.

“என்னங்க ஐயா, மறுபடி மறுபடி வெச்சுப் பாக்கறீங்க?” என்றார்.

செத்தவள் யாரும் இல்லையே! கொளஞ்சியம்மாள் உயிரோடுதான் இருந்தாள். தினமும் மண் சுமந்துகொண்டு, கஞ்சி குடித்துக்கொண்டு, அதே ஊரில். அப்படியானால் என் வீட்டில் உட்கார்ந்திருந்தது யார்? நீங்கள் சிரிக்கலாம். படித்தவன்தானே நான்? உடலை அறுத்துப் பார்த்தவன்தானே? பெஞ்சை விற்றுவிட்டு நாற்காலிகள் வாங்கிப் போட்டேன். சுவரோரத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

மாலை வைத்தியத்தை நிறுத்தினேனா? இல்லை. பின்வரிசைக் குப்பிகளை நிறுத்தினேனா? அதுவும் இல்லை. முதல் தங்கையின் கல்யாணம் அந்த வருடம்தான் நடந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகள் பிறந்தபின், ஒரு மாலை, கொளஞ்சியம்மாள் வந்தாள். தோளில் ஒரு பெண் குழந்தை, அடுத்துப் பிறந்தது. இருமிக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்றாள்.

“காலையில ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமேம்மா” என்றேன்.

“அங்க மருந்து இருக்காதுங்களே டாக்டரய்யா. இந்தத் தடவ காசு கொண்டாந்திருக்கேன்.”

பாடத்தை அவள் சரியாகப் படித்திருந்தாள். நான் நடத்திய பாடம்!

“உள்ள வந்து உட்காரு.”

அவள் சுவரோரத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுளே, இவளுக்காவது தெரியக்கூடாது...

“நான் நிக்கிறேங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் புள்ளைக்கு ரொம்ப இழுக்குதே. பாவம், அதுக்கு மொதல்ல ஊசி போடுங்க” என்றாள்.

அவளுக்கு அது யாரென்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை! வேறு யாரோ ஒருத்தி, வேறு யாருடையதோ ஒரு பிள்ளை என்று இரக்கப்பட்டு நின்றாள்.

எப்படியோ அவளை உள்ளே அழைத்துக்கொண்டேன். பெண் குழந்தைக்குச் சளிதான்; ஆனாலும் ஊசி போட்டேன். அவள் காசை மேசைமேல் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே!

போகாமல் நின்றாள்.

“ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு நான் எப்படியாவது காசு பொரட்டிக்கிட்டு வந்திருந்தா... பெரியவன் பொழச்சிருப்பானா? அவங்கப்பா இன்னிக்கும் என்னத்தான் சொல்லுது. ஒரு ஊசிக்குக் காசு கேட்டு வாங்கத் தெரியல உனக்குன்னு.”

சொல்லத்தான் வாய் திறந்தேன். நம்புங்கள். காசே தேவைப்பட்டிருக்காது, கொளஞ்சி. காலையிலேயே, உன் கண்ணெதிரே, அந்த அலமாரியிலேயே இருந்தது என்று...

“பொழச்சிருக்க மாட்டாம்மா” என்றேன். “முத்திப்போயிருந்தது. ஊசி போட்டிருந்தாலும் உசுரு நின்னிருக்காது.”

அவள் முகம் தளர்ந்தது. கண் நிறைந்தது. “இது போதுங்க. இத்தன நாளா நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள்.

அவளுக்கு ஆறுதல் சொன்னேனா? என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா? அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே பொய் இரண்டையும் செய்துவிட்டது. எதற்காகச் சொன்னேன் என்பதை மட்டும் என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, வெள்ளைத் தூசி படிந்த இரு கைகளையும் சேர்த்து என்னைக் கும்பிட்டாள்.

நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.