எந்த வீட்டு ஊசி

ஜப்பானுக்கு வந்த முதல் மாதத்தில், நான் போட்ட குப்பை என்னிடமே திரும்பி வந்தது. நகோயாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் சிற்றூர் இது. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. காலையில் தெருமுனையில் வைத்துவிட்டு வந்த பையைப் பக்கத்து வீட்டு அம்மாள் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "நமாயே, நமாயே" என்றார். நமாயே என்றால் பெயர். என் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து, குனிந்து வணங்கி, "புவனா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மறுபடியும் "நமாயே" என்றார். நான் இன்னும் சத்தமாக "புவனா" என்றேன். கடைசியில் அவரே ஒரு பேனாவை எடுத்து, பையின் மேலிருந்த வெற்றுக் கட்டத்தைத் தட்டிக் காட்டினார். இந்த ஊரில் குப்பைப் பையின் மேல் அவரவர் பெயரை எழுத வேண்டும். கூடாத பொருள் உள்ளே இருந்தால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். எழுதும்போது எனக்குக் கை கூசியது.

சென்ற ஆண்டுக் கடைசியில் இருபது நாள் விடுப்பில் திருவண்ணாமலைக்குப் போனேன். வேங்கிக்காலில் புது மனைகள் போட்ட தெருவொன்றில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். போட்ட ஊசியை மாவுக் கவர், வெங்காயத் தோலோடு கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போடுவதைப் பார்த்தேன்.

"இத தனியா ஒரு டப்பால போட்டு வைங்கப்பா. யார் கையிலயாவது குத்திடும்."

"தனியா வச்சா மட்டும் தனி லாரியிலயா எடுத்துட்டுப் போறாங்க? போம்மா."

வேலை செய்யும் இடத்தில் ஒரு ஊசியைக்கூடக் கெட்டிப் பெட்டிக்கு வெளியே விடாதவள் நான். அன்று பேசாமல் இருந்துவிட்டேன். விடுப்பில் வந்த இடத்தில் எதற்கு வாக்குவாதம் என்று ஒரு சோம்பல்.

மூன்றாம் நாள் காலை தெருவில் ஒரு அலறல் கேட்டது. குப்பை எடுக்க வரும் அஞ்சலைக்கா, எல்லா வீட்டுப் பைகளையும் வண்டியோரம் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையுறையையும் மீறிக் கட்டைவிரலுக்கு அடியில் ஊசி ஏறியிருந்தது. கேட்டுகள் திறந்தன. "எங்க வீட்ல யாருக்கும் ஊசி கெடையாதுப்பா" என்றாள் எதிர்வீட்டுப் பெண். அடுத்த வீட்டிலும் அதே பதில். என் பின்னாலிருந்து அம்மாவும் அதையே சொன்னாள். கேட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, ஆட்டோவில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "எச்.ஐ.வி. தொத்தாம இருக்க ஒரு மாசம் மாத்திரை சாப்பிடணும். அப்புறம் ரெண்டு வாட்டி ரத்தம் பாக்கணும்" என்றார் டாக்டர். "ஊசி யாரோடதுனு தெரிஞ்சா அவங்க ரத்தத்தையும் பாத்துடலாம். யாரோடது?"

அஞ்சலைக்கா என்னைப் பார்த்தார்.

"தெரியலங்க" என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெருவுல அத்தினி பேர் இருந்தாங்க. நீ ஒருத்திதான் வந்த பாப்பா." கையை உருவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வீட்டில் அப்பாவிடம், ரத்தம் பார்த்துவிடலாம் என்று கெஞ்சினேன். "நம்ம ஊசினு அதுல எழுதி ஒட்டியிருக்குதா?" என்று கேட்டுவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். விடுப்பு முடிந்ததும் விமானம் ஏறிவிட்டேன்.

இங்கிருந்து பேசும்போதெல்லாம் அம்மாவிடம் விசாரிப்பேன். "அந்தம்மா வர்றதில்லடி. மாத்திர சாப்ட்டு ஜாஸ்தியா வாந்தியாம். இப்ப வேற பொண்ணு வருது." மருத்துவமனையில் வாங்கிய அவருடைய எண் என் போனில் இருந்தது. இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. முதியோர் இல்லத்தில் யாருக்காவது ஊசி போடுவதைப் பார்த்தால் என் கட்டைவிரலடி சுருக்கென்றது.

போன மாதம் ஒரு விடுமுறைக் காலையில் துணிந்து கூப்பிட்டேன்.

"சொல்லு பாப்பா. வேலைக்கு வந்துட்டேன், இப்ப வேற தெரு."

"ரத்தம் பாத்தாங்களாக்கா?"

"மொத வாட்டி ஒண்ணுமில்லன்னாங்க. இன்னொரு வாட்டி பாக்கணும்." பிறகு அவரே கேட்டார். "உங்கப்பாக்கு சக்கர கம்மியாச்சா?"

அப்பாவின் சர்க்கரையைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

"உங்களுக்கு எப்படிக்கா..."

"நாலு வருசமா உங்க தெரு குப்பைய பிரிச்சிருக்கேன். எந்த வீட்ல என்னா நோவுனு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கு டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

"அப்பாவுக்கு இன்னிக்கே ரத்தம் பாக்க வைக்கிறேன்க்கா" என்றேன்.

"வையி. ஊசிய டப்பால போடச் சொல்லு. இப்ப வர்ற பொண்ணு கைக்கொழந்தக்காரி."

அவர் போனை வைக்கவில்லை. குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் வண்டியின் ஒலிபெருக்கிக் குரல் போனுக்குள் நெருங்கி வந்தது. அதே நேரம் இங்கே, வெளியே எங்கோ, இந்த ஊர்க் குப்பை லாரி வரும்போது இசைக்கும் மெட்டும் கேட்டது. நான் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஒரு காதில் போனோடு, செருப்பில்லாமல் வாசற்படியில் நின்றபோதுதான் உறைத்தது. இரண்டில் எந்த வண்டியின் சத்தம் கேட்டு ஓடி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.