மங்குக்கு ஒரு சிவப்பு லைட்

போன மாதம் என் மனைவி செல்வி போனில் ஒரு விளம்பரம் காட்டினாள். சிவப்பு லைட் முகமூடி. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தோல் பளபளக்குமாம். அதை மாட்டிக் கழற்றிச் சிரித்த பெண்ணுக்கு முன்னேயும் ஒரு பரு கிடையாது, பின்னேயும் கிடையாது... அப்புறம் எதைக் குணப்படுத்தினார்களோ!

செல்விக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. கறுப்புத் திட்டு. மிளகுத் தோட்டத்து வெயில் கொடுத்தது. கல்யாண வீட்டில் போட்டோ என்றால் உயரமான ஆளாகப் பார்த்துப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

"தம்பி கல்யாணத்துல முன்னால நிக்கோணுங்க. ஆனா மிஷினு வாங்கறது ஆருக்கும் தெரியப்படாது" என்றாள்.

அவ்வளவுதான், என் தூக்கம் போயிற்று. முகமூடியா, பேனா மாதிரிக் குச்சியா, பலகை மாதிரி பேனலா? கண் போய்விட்டால்? லோ வோல்டேஜில் வெடித்தால்? பெட்டி மேல் நானோமீட்டர் என்கிறான். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் யாரிடம் போய்க் கேட்பேன், நீங்களே சொல்லுங்கள்!

கம்பெனிக்கே போன் போட்டேன். எங்கள் வீட்டில் சிக்னல் வராது. பஸ் ஸ்டாப்பில்தான் வரும். அங்கேயும் கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். கத்தினேன். கண்ணுக்கு ஆகுமா என்றால், பயப்படாதீங்க சார் என்றான். வெளிச்சம் பட்டு மங்கு கூடிவிடாதா என்றால், கஸ்டமர்ஸ் எல்லாம் ஹேப்பி சார் என்றான்.

கடைசியில் தொண்டை கிழியக் கேட்டேன். "எங்கூட்டுக்காரிக்கு ரெண்டு கன்னத்துலயும் மங்குங்க. போகுமுங்களா, போகாதுங்களா?"

"ரிசல்ட் ஆளுக்கு ஆள் மாறும் சார்."

என் படிப்பைப் பற்றி எட்டாவது வாத்தியார் அப்பாவிடம் இதைவிட நேராகப் பேசினார்.

திரும்பினால் — மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பஸ் நிற்கிறது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை.

நான் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிட்டது. செல்வி சோறு போட்டாள். தட்டை ணங்கென்று வைத்தாள்.

மறுநாள் சொந்தக்காரப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். கேலிக்குத்தான் என்று நான் கொல்லைக்கு நழுவினேன், காதை மட்டும் வாசலில் விட்டுவிட்டு. ஒருத்தி முந்தானையால் பவுடரைத் துடைத்துக் கன்னத்தைக் காட்டினாள்.

"ஏனுங்கக்கா, எந்த மிஷினு நல்லாருக்குமாமா?"

நாலு பேருக்கும் அதே மங்கு! இத்தனை வருஷமாகப் பவுடருக்கு அடியில்.

"உங்க மாமா ஊரே கேக்கக் கத்தியும், விக்கிறவனுக்கே தெரியலியாம் சாமி. எனக்கு வேண்டாம்" என்றாள் செல்வி. பிறகு ஐந்து பேரும் சிரித்த சிரிப்பு கொல்லை வரை கேட்டது.

மிஷின் வாங்கவில்லை. பஸ் கண்டக்டர் மட்டும் என்னைக் கண்டால் இன்னும் கேட்கிறார்: "பார்சல் வந்துருச்சுங்களா?"

மைத்துனன் கல்யாண போட்டோ நேற்று வந்தது. முன்வரிசையில் ஐந்து பேர், மங்கும் சிரிப்புமாக. நடுவில் செல்வி.

கடைசி வரிசையில், உயரமான ஆளுக்குப் பின்னால் பாதி நெற்றி தெரிகிறதே... அது நான்தான்.