எங்கள் முகச்சாடை கொண்ட முவானி

ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாக்கியபடியேதான் முவானி வார்டுக்குள் வருவாள். அதை யார் நெஞ்சிலும் வைக்க அவளுக்கு அனுமதி கிடையாது. பெரிய டாக்டர் தாலாய்பெக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் சூடாக்குவாள்.

இந்தியாவிலிருந்து டாக்டருக்குப் படிக்க வந்தவள், மிசோரம் மலைக்காரி. முகம் மட்டும் அச்சு அசல் எங்கள் கிர்கிஸ் முகம். அதனால் எங்கள் ஓஷ் நகர ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளிடம் எங்கள் பாஷையில் மளமளவென்று கொட்டுவார்கள். அவள் திருதிருவென்று விழித்தால் திட்டும் விழும்.

"டவுன்ல படிச்சா தாய்ப்பாஷை மறந்துடுமா?" என்று என் பக்கத்துக் கட்டில் லாரிக்கார ஜூமாபாய் ஒருநாள் பிடித்துக்கொண்டான்.

"நான் இந்தியா, தாத்தா."

"பொய் சொல்லாத. மாப்பிள்ளை பாத்துடுவோம்னு பயமா?"

வார்டே சிரித்தது, அவளும்தான். அன்று முதல் அவனிடமே பாஷை கற்றாள். முதலில் வந்தது வசவுதான்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். கம்பளி மூட்டை சுமந்தே சந்தையில் மூன்று கடைக்கு முதலாளி ஆனவன். சிறுநீரகக் கல்லுக்காகப் படுத்திருந்தேன். டாக்டரின் கத்தியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோயை நோயாளியிடம் சொல்லாமல் சொந்தக்காரனிடம் சொல்கிறார்களே, எங்கள் ஊர் வழக்கம், அதைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மனசு உடைந்துவிடுமாம்! நாற்பது வருஷம் பனிக்கணவாயில் லாரி ஓட்டியவனுக்கு மனசு உடையுமாம்!

ஜூமாபாயின் வயிற்றில் இருப்பது புற்று என்று மகனுக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், தரை துடைப்பவளுக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் 'அல்சர்'. அறுப்பதா வேண்டாமா என்று மகன் முடிவு செய்வானாம். யார் வயிறு, ஐயா?

அன்று காலை டாக்டர் வாசலில் நின்று மகனிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். ஜூமாபாய் முவானியைக் கூப்பிட்டான்.

"மகளே, இப்பதான் உனக்கு நம்ம பாஷை வருதே. எனக்கு என்ன, சொல்லு."

அவள் முகம் சிவந்தது. "நான் சொல்லக் கூடாது, தாத்தா."

"செத்தப்புறம் வந்து சொல்லுவியா?"

டாக்டர் திரும்பினார். "பாக்கத்தானே வந்தே? பாரு. பேசாத."

அவள் வாசலோரம் கிடந்த முக்காலியைத் தூக்கிவந்து ஜூமாபாயின் தலைமாட்டில் போட்டாள். தான் உட்காரவில்லை. வெள்ளைக் கோட்டின் நுனியால் அதைத் துடைத்துவிட்டு, டாக்டர் வந்து உட்கார இடம் விட்டு, அவரையே பார்த்தபடி ஒதுங்கி நின்றாள்.